பூமிக்கு வருகிறவர்கள் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் பயணப் பகுதியை விடாமல் படிக்கிறவன் நான். எங்கே எந்த மாதம் போகலாம், எதை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும், எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் அத்தனையும் பூமியில் இருப்பவர்கள் பூமியிலேயே சுற்றுவதற்கான யோசனைகள். வெளியிலிருந்து பூமிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வரிகூட இதுவரை வந்ததில்லை.

யார் வரப்போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். கூப்பிட்டதே நாம்தான். 1972-ல் பயனியர் 10 விண்கலத்தில் விலாசம் பொறித்த தகடு ஒன்றை அனுப்பினோம். 1974-ல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம் 13 என்ற நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து ஒரு செய்தி அனுப்பினோம். அது போய்ச் சேரச் சுமார் 25,000 ஆண்டுகள் ஆகும், பதில் வர இன்னொரு 25,000 ஆண்டுகள், ஆனால் அந்தத் தொலைநோக்கியோ 2020 டிசம்பரிலேயே இடிந்து விழுந்துவிட்டது. அப்புறம் 1977-ல் இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு, அதில் 55 மொழிகளில் வணக்கம், கூடவே திமிங்கிலத்தின் பாட்டு. (அந்த 55-ல் தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.) அப்படியானால் தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாண்டி வருகிறவர்களுக்குத் தமிழ் கற்பதா பெரிய கஷ்டம்? விலாசத்தை மட்டும் கொடுத்துவிட்டு வழியில் உள்ள மேடு பள்ளத்தைச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை, அதனால் கீழே உள்ளதை அப்படியே அச்சிட வேண்டுகிறேன்.

முதலில் விலாசத்திலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பயனியர் தகட்டில் சூரியனுக்குப் பக்கத்தில் ஒன்பது கோள்களை வரிசையாக வரைந்து வைத்திருக்கிறோம். 2006-ல் நாமே கூட்டம் போட்டுப் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். வருகிறவர்கள் எண்ணிப் பார்த்து எட்டுதான் இருக்கிறது, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று வண்டியைத் திருப்பிவிடக் கூடாது. மொத்தம் எத்தனை என்பதை விடுங்கள், சூரியனிலிருந்து மூன்றாவது, நீலமாகத் தெரியும், பக்கத்தில் ஒரே ஒரு நிலா, அதுதான் நாங்கள். அதே தகட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உடம்பில் ஒரு துணிகூட இல்லாமல் நிற்கிறார்கள், ஆண் கையைத் தூக்கிக் காட்டுகிறார். அந்தப் படத்தை நம்பி இங்கே வந்து ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்கள். நாங்கள் பெரும்பாலும் உடுத்திக்கொண்டுதான் இருப்போம். படத்தில் உள்ள மாதிரியே வந்து இறங்கி மரியாதை காட்டலாம் என்று யாராவது நினைத்தால் அது வேறு மாதிரி முடியும்.

அடுத்தது இறங்குவது. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி முடிகிறது என்று நாங்கள் ஒரு கோடு வைத்திருக்கிறோம், ஆனால் தொந்தரவு அதற்கு வெகு மேலேயே ஆரம்பித்துவிடும். நாங்கள் அனுப்பிய செயற்கைக்கோள்கள், செத்துப்போன செயற்கைக்கோள்கள், அவற்றின் உடைசல்கள் எல்லாம் நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1983-ல் ஒரு விண்வெளி ஓடத்தின் ஜன்னல் கண்ணாடியில் பள்ளம் போட்டது ஒரு துணுக்குப் பெயிண்ட், அவ்வளவுதான். 2009-ல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளும் செயலிழந்த ஒரு ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சுக்குநூறாயின. அத்தனை பெரிய ஆகாயத்தில் எங்களாலேயே ஒதுங்கிப் போக முடியவில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே இறங்குவது என்பதையும் யோசித்துவிட்டு இறங்குவது நல்லது. பூமியின் பரப்பில் 71 சதவீதம் தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் கடலில்தான் விழ வேண்டும். தெற்குப் பசிபிக்கில் நீமோ முனை என்று ஓர் இடம் இருக்கிறது, மிக அருகில் உள்ள தரையே சுமார் 2,700 கிலோமீட்டர் தள்ளி. தொந்தரவில்லாத இடம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்துக் கடலில்தான் நாங்கள் காலாவதியான விண்கலங்களை விழவைப்போம், மிர் விண்வெளி நிலையத்தின் மிச்சமும் 2001-ல் தெற்குப் பசிபிக்கில்தான் போய் விழுந்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது அந்த முனைக்கு மிக அருகில் இருக்கும் மனிதர்கள் அதில் இருப்பவர்கள்தான். வேடிக்கைதான், ஆனால் சுடுகாட்டுப் பக்கம் வந்து இறங்கிவிட்டு வரவேற்க ஆள் இல்லையே என்று கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி அனுமதிச் சீட்டு. இதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்கள். பூமி ஒன்றுதான், ஆனால் ஐக்கிய நாடுகள் சபையில் மட்டும் 193 நாடுகள், மேலிருந்து பார்த்தால் ஒரு கோடும் தெரியாது, கீழே இறங்கினால் ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் முத்திரையோடு உட்கார்ந்திருப்பார். எந்த நாடு என்று கேட்டால் 'எல்லாவற்றுக்கும் மேலே இருந்து' என்று பதில் சொல்ல வேண்டாம், அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வெளியுலகத்தாரை வரவேற்க ஐ.நா. ஓர் அதிகாரியை நியமித்துவிட்டதாக 2010-ல் செய்தி வந்தது. வியன்னாவில் இருக்கும் ஐ.நா. விண்வெளி அலுவலகத்தின் தலைவியாக அப்போது இருந்த மஸ்லான் ஒத்மான் அம்மையார், அப்படி ஒரு வேலையே தனக்குத் தரப்படவில்லை என்று மறுத்துவிட்டார். ஆக இன்றைக்கும் அந்த நாற்காலி காலி. ஆபத்தில் வந்து இறங்கிய விண்கலத்தாரைக் காப்பாற்றி, அனுப்பியவர்களிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று 1968-ல் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், ஆனால் அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது நம்மவர்கள் மட்டும்தான்.

நம்மவர்களுக்கே என்ன நடந்தது தெரியுமா? 1969-ல் அப்பல்லோ 11-ல் நிலவுக்குப் போய்விட்டு வந்த மூன்று பேரையும் இரண்டு வாரத்துக்கும் மேல் தனிமையில் பூட்டி வைத்தார்கள். சுங்கப் படிவமும் உண்டு. புறப்பட்ட இடம் நிலவு, வந்து சேர்ந்த இடம் ஹொனலுலு, கொண்டுவந்த சரக்கு நிலவுப் பாறையும் நிலவுத் தூசும், நோய் பரவும் அபாயம் ஏதாவது உண்டா என்ற இடத்தில் 'இனிமேல்தான் தெரியவரும்', கீழே மூவரின் கையெழுத்து. பாதி விளையாட்டாகச் செய்தது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் தாள் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. பிறந்து வளர்ந்த இடத்துக்குத் திரும்பி வந்தவர்களுக்கே இந்த உபசாரம் என்றால் மற்றவர்கள் பேனாவோடு வருவது உத்தமம். இந்தக் கெடுபிடியே வேண்டாம் என்றால் எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பீர் தவீல் என்று சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பாலைவனம் கிடக்கிறது, இரண்டு நாடுமே தனக்கு வேண்டாம் என்கின்றன. அங்கே முத்திரை குத்த யாரும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சரி, இறங்கியாயிற்று. யாரிடம் பேசுவது? மனிதர்கள் முந்திக்கொண்டு வந்து நாங்கள்தான் இங்கே பொறுப்பு என்பார்கள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். பூமியில் உள்ள உயிர்களின் மொத்த எடையைக் கரிமக் கணக்கில் பார்த்தால் 80 சதவீதம் செடி கொடி மரங்கள், மனிதர்கள் வெறும் 0.01 சதவீதம். தலை எண்ணிப் பார்த்தாலும் நிலைமை மோசம்தான், 2022-ல் நாங்கள் 800 கோடியைத் தொட்டோம், எறும்புகளோ ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி 20,000 லட்சம் கோடி, அதாவது நம்மில் ஆளுக்கு 25 லட்சம் எறும்பு. ஆகவே வருகிறவர் முதலில் ஒரு மரத்தைப் பார்த்து வணங்கினாலோ எறும்புப் புற்றின் முன் நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாலோ அதைத் தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மனிதரிடம்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் முதலில் அவர் முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கும் செவ்வக வடிவக் கருவி நகரும்வரை காத்திருக்க வேண்டும். படம் எடுத்து முடித்த பிறகுதான் அவர் பயப்படத் தொடங்குவார்.

மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லைக் காட்டினால் பயப்படாதீர்கள், வேறு பல விலங்குகளிடம் அது எச்சரிக்கை, எங்களிடம் பெரும்பாலும் நட்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தால் துக்கமா சந்தோஷமா என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், சில சமயம் எங்களுக்கே தெரியாது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்பார்கள், 'நன்றாக இருக்கிறேன்' என்று சொன்னால் போதும், உண்மையை விவரிக்கத் தொடங்கினால் கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் கண்ணை மூடி அசையாமல் கிடப்போம், சத்தமும் வரலாம். அது சாவு இல்லை. எழுப்பக் கூடாது. இதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள் ஐயா.

நேரக்கணக்கைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன், கேட்டால் தலை சுற்றும். பூமி நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, எங்களுக்கு அது தெரிவதே இல்லை, ஆனால் தேதி மட்டும் தகராறு. ஆளில்லாத தீவுகளையும் சேர்த்துக்கொண்டால் தினமும் இரண்டு மணி நேரம் பூமியில் ஒரே சமயத்தில் மூன்று தேதிகள் ஓடுகின்றன. 2011-ல் சமோவா நாட்டில் டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தவர்கள் டிசம்பர் 31 சனிக்கிழமை எழுந்தார்கள், நடுவில் வெள்ளிக்கிழமையே கிடையாது, தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் போனதன் விலை அது. டிசம்பரில் குளிரா என்று கேட்டால் வடக்கே ஆமாம், தெற்கே இல்லை. வந்த இடத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்து நடந்துகொள்வதே மேல்.

காற்று விஷயம் முக்கியம். இதில் 21 சதவீதம் ஆக்சிஜன். நமக்கு உயிர்மூச்சு, ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் நெருப்பை எரிய வைப்பதும் அதுதான், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது காற்றில் சேரத் தொடங்கியபோது அதற்குப் பழகாத நுண்ணுயிர்களுக்கு விஷமாக இருந்தது. வண்டிக்குத் துருப்பிடிக்காத பூச்சு பூசிக்கொண்டு வரட்டும். தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று குடிக்க வேண்டாம், 97 சதவீதம் உப்புத் தண்ணீர், நாங்களே குடிப்பதில்லை.

இவ்வளவு தொல்லைக்கு நடுவே வரத்தான் வேண்டுமா என்றால், வேண்டும், ஒரே ஒரு காட்சிக்காக. முழுச் சூரிய கிரகணம். சூரியன் நிலவைவிட விட்டத்தில் சுமார் 400 மடங்கு பெரியது, தூரத்திலும் அது சுமார் 400 மடங்கு தள்ளி இருக்கிறது, அதனால் இரண்டும் வானத்தில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன, ஒன்று இன்னொன்றைச் சரியாக மூடும்போது சூரியனைச் சுற்றி அந்த வெள்ளை ஒளிவட்டம் விரியும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, தற்செயல். எட்டுக் கோள்களில் தரையில் நின்றுகொண்டு இவ்வளவு கச்சிதமாக இதைப் பார்க்கக்கூடிய இடம் வேறு இல்லை. நல்ல தேதி வேண்டுமானால் 2027 ஆகஸ்ட் 2, எகிப்தில் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேல் இருட்டு. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சுமார் 60 கோடி ஆண்டுகளில் அதனால் சூரியனை முழுதாக மறைக்க முடியாது. எனவே தள்ளிப்போட வேண்டாம்.

திரும்பிப் போகும்போது நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், இல்லாவிட்டால் பூமி விடாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கிக் கிளம்பினால் நான் முன்னே சொன்ன அந்தச் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கும், எங்கள் ஏவுதளங்கள் பலவும் அதற்காகவே அந்தப் பக்கமாக இருக்கின்றன. போகிற வழியில் நிலவில் இறங்கிப் பார்க்க நினைத்தால் 1969-க்கும் 1972-க்கும் நடுவில் நடந்துவிட்டு வந்த 12 பேரின் காலடித் தடங்கள் இருக்கும், மிதிக்காமல் பார்க்கட்டும். பக்கத்தில் சில பைகளும் கிடக்கும். எங்கள் நாகரிகத்தின் முக்கியச் சின்னம் என்று நினைத்துப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் ஆராயத் தொடங்கிவிடப் போகிறார்கள், அவற்றில் சில அந்த விண்வெளி வீரர்களின் மலமூத்திரம் கட்டிப்போட்ட பைகள்.

இப்படிக்கு,
பூமியில் நிரந்தரமாக வசிக்கும் ஒரு வாசகன்