ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்

சங்ககிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ சத்தீஸ்கரிலிருந்து பேசியபோது, உன் குரலைவிட உன் பின்னால் நின்றுகொண்டிருந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்குக்குப் பைப் ஏற்றும் உன் லாரியின் சத்தம்தான் எனக்கு நன்றாகக் கேட்டது. "எல்லாம் சரியாக இருக்கிறதுப்பா, ஐடிலிங் மட்டும் கொஞ்சம் அதிகம்" என்றாய். கொஞ்சம் இல்லை. அந்த என்ஜின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 600 சுற்றை ஒட்டி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும்படி ஓட வேண்டும். நான் கேட்டது ஆயிரத்தைத் தாண்டிய சத்தம். பதினெட்டு வருடம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரைந்ததைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் ஐடிலிங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை இறக்கித் தருகிறேன் என்றதாகவும் சொன்னாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ரிக் ஓடும் இடத்தில் போனில் சொன்னால் பாதி காதில் விழாது. தாளில் இருந்தால் என்ஜின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் படித்துச் செய்யலாம். நாளை காலை திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் ரிக்குக்குப் பாறை துளைக்கும் ஹேமர் பிட் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி புறப்படுகிறது. அதில் கொடுத்தனுப்புகிறேன்.

ஸ்க்ரூவை யாரையும் தொட விடாதே. அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் மேலே இருக்கிறது, தானாகத் திரும்பாது. போன மாதம் 600இல் நின்ற வண்டி இன்று ஆயிரத்தில் நிற்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்து. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு முன்னும் பின்னும் கட்டை. கழுத்தில் துண்டு இருந்தால் கழற்றி வைத்துவிட்டுக் குனி. ஃபேன் பெல்ட் யாரையும் கேட்டுக்கொண்டு இழுக்காது. இப்போது டீசல் பம்ப் லீவரைப் பார். மிதியிலிருந்து வரும் ராடு அதன் நுனியில் மாட்டியிருக்கும். மிதியை விட்டிருக்கும்போது அந்த லீவர் ஐடில் ஸ்க்ரூவின் நுனியில் வந்து ஒட்டி உட்கார வேண்டும். இடையில் ஒரு தாளைச் செருகிப் பார். தாள் தாராளமாகப் போனால் லீவரை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஸ்க்ரூவை எவ்வளவு இறக்கினாலும் ஒரு சுற்றுகூடக் குறையாது. பிறகு ஒரு நாள் அந்தப் பிடி விடுபடும்போது, இறக்கி வைத்த ஸ்க்ரூவால் என்ஜின் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துபோகும்.

அடுத்து, ராடைப் பம்ப் லீவரிலிருந்து கழற்றிவிட்டு என்ஜினை ஓட விடு. டீசலை நிறுத்தி என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிள் பக்கத்தில் கிளீனர் பையனை உட்கார வை. ஐடிலிங் இறங்கிவிட்டால் பம்பின் மேல் குற்றமில்லை; மிதி, ராடு, புஷ், கேபிள், ஸ்பிரிங் இவற்றில் ஒன்றுதான். இறங்கவில்லை என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

எனக்கு முதல் சந்தேகம் ஹேண்ட் ஆக்சிலேட்டர் மேல், கையால் இழுத்து ரேஸ் வைக்கும் அந்தக் குமிழ். அங்கே காலையில் நல்ல குளிர் என்றாய். குளிரில் என்ஜின் நிற்காமல் இருக்க யாராவது அந்தக் குமிழை இழுத்து வைத்திருப்பார்கள். உள்ளே தள்ளினாலும், துருப்பிடித்த கேபிள் உறைக்குள்ளேயே சிக்கி முழுவதும் திரும்பாமல் இருக்கலாம். குமிழைப் பார்த்து முடிவுக்கு வராதே, பம்ப் பக்கத்து நுனி நகர்கிறதா என்று பார். பைப் ஏற்றும் வண்டியில் ரிக்கின் மண்தூள் புகாத இடமே இருக்காது. ராடு மூட்டுகளை டீசலால் கழுவித் துடைத்து எண்ணெய் விடு. மிதிக்கு அடியில் மேட் மடிந்து கிடக்கிறதா என்றும் பார்.

பிறகு, மிதியை விட்டதும் லீவரைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங். இதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1997இல், நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, சாம்ராஜ்நகரிலிருந்து நாமக்கல் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவு. நான்கைந்து வளைவு கடந்திருப்பேன். இரண்டாம் கியரில், மிதியிலிருந்து காலை எடுத்தாயிற்று. என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக முன்னுக்குத் தள்ளியது. பிரேக்கை மிதிக்க மிதிக்க, பிரேக் காற்றைக் காட்டும் ஏர் கேஜ் முள் கீழே வந்தது. டிரம் தீய்ந்த வாடை கேபினுக்குள் ஏறியது. கிளட்ச்சை மிதித்திருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. கியரை விடாமல், கிளட்ச்சைத் தொடாமல், ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தேன். டீசல் நின்றது. சக்கரங்கள்தான் என்ஜினைச் சுற்றின. அதனால் என்ஜின் வண்டியைப் பிடித்தது, கம்ப்ரசரும் சுற்றிக் காற்று ஏறியது. மலைச்சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் கொக்கி எப்போதோ ஒடிந்திருக்கிறது. இரண்டு நாளுக்கு முன் வேலை பார்த்த பட்டறையில் ஒடிந்த முனையைக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கம்பி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் புது ஸ்பிரிங் இல்லாமல் வண்டி எடுத்ததில்லை. உன் டூல் பெட்டியிலும் இரண்டு இருந்தன. இப்போது இருக்கின்றனவா என்று தெரியாததால் இதோடு இரண்டு அனுப்புகிறேன். பழையதைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார். சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது நீண்டு தளர்ந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடு.

ராடு பக்கம் எல்லாம் சரி, லீவரும் ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் சத்தம் இறங்கவில்லை என்றால் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பார். உடனே அணைந்தால் பம்புக்குள் ராக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு, தாராளமாக நகர்கிறது. தயங்கித் தயங்கி அணைந்தால் ராக் இறுகுகிறது. சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் என்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் தேய்ந்திருக்கலாம், டீசல் லைனில் காற்றும் இருக்கலாம். முதலில் காற்றை எடுத்துப் பார். ராக், கவர்னர் வேலை என்றால் நீ பம்பைத் திறக்காதே. டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில்தான் செய்ய வேண்டும். ஈய முத்திரை வைத்த ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதை அவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். டீசலை நிறுத்திய பிறகும் என்ஜின் ஓடினால் அது வேறெதையோ குடிக்கிறது. என்ஜின் அடித்தொட்டியில் இருக்கும் சம்ப் ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி டீசல் வாடை அடிக்கிறதா என்று இன்றே பார். நம் வண்டியில் ஏர் கிளீனர் ஆயில் கிண்ணம் வைத்தது. புதுப் பையன் குறிக்கு மேல் நிரப்பியிருந்தால் என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும். அப்படி ரேஸ் ஏறினால் காற்று போகும் வாயைக் கனத்த பலகையால் அடை. கையாலோ துணியாலோ அடைக்காதே, உள்ளே இழுத்துவிடும்.

இவை எதுவும் இல்லை, யாரோ ஸ்க்ரூவைத்தான் ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஏன் ஏற்றினார்கள் என்று கேள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் ஒன்று சரியாக அடிக்காமல் என்ஜின் குலுங்கியிருக்கும். அதை மறைக்க ஐடிலிங்கை ஏற்றிவிடுவார்கள். குலுக்கம் தெரியாது, நோய் உள்ளேயே இருக்கும். நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திக் கேள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் மாறும். மாறாத இடத்தில்தான் கோளாறு. கையை அந்தப் பீச்சலுக்கு நேராகக் காட்டிவிடாதே கண்ணு, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கண்ணாடி போட்டுக்கொள்.

கடைசியில் ஸ்க்ரூவை வைப்பதானால் இருபது நிமிடம் ஓட்டி என்ஜின் சூடான பிறகு வை. காலைக் குளிரில் வைத்தால் மதியத்தில் ஏறிவிடும். கால் சுற்று திருப்பு, கேள், மறுபடி கால் சுற்று. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே நகரும், ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டு இறுக்கு. ஐடிலிங் சரியாக இறங்கியிருந்தால், ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று கத்தாமல் விழ வேண்டும்.

உன் அம்மா கொள்ளுப்பொடியும் நிலக்கடலை உருண்டையும் வைத்திருக்கிறாள். ஸ்பிரிங் இரண்டும் அந்தத் தூக்குப் பாத்திரத்தின் அடியில், தாளில் சுற்றி இருக்கின்றன. கொக்கி குலுக்கத்தில் கழலாதபடி மாட்டு.

எல்லாம் முடிந்ததும் எனக்குப் போன் செய்து, ஒன்றும் பேசாமல் போனை என்ஜின் பக்கத்தில் வை. நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா