ஜீவனம் என்ன? – செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. ஐப்பசியில் மட்டும் மழையால் நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்கிறேன். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் பழைய பத்திரங்கள், மில் அட்டைகள், சான்றிதழ்களில் வரும் நெசவுத் தொழில் பெயர்களுக்குப் பொருள் தேடினோம். சேலத்தில் தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அதனால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நானே மேடையில் சொன்னேன். அந்தப் பேச்சை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்க யாராவது முன்மொழிந்தால் நன்றியுடன் வழிமொழிவேன்.

பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயர், ஜாதி ஆகியவற்றோடு ‘இன்ன ஜீவனம்’, அதாவது பிழைப்புக்கான தொழில் இன்னது, என்றும் இருக்கும். சேலத்தில் குகை என்னும் பகுதியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ‘அச்சு வேலை ஜீவனம்’ என்று எழுதியிருந்தது. குடும்பத்தார் அவரை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் என்று முடிவுசெய்து, மணிவிழா மலரிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். எங்களில் ஒருவர் துணியில் மரக்கட்டையால் அச்சுக் குத்தும் வேலை என்றார். இரண்டு கூட்டங்கள் இந்த வாதத்திலேயே போயின. பிறகு அந்த வீட்டுப் பாட்டியம்மாளிடமே போய்க் கேட்டோம். “அச்சாபீஸா? நம் வீட்டு அச்சு பரணில்தானே கிடக்கிறது, தம்பி” என்றார்.

பரணிலிருந்து இறங்கியது நீளமான சீப்பு போன்ற ஒரு சட்டம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஒவ்வொன்றும் இதன் பல்லிடுக்கு வழியாகப் போகும். குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்து நெருக்குவதும் இதுதான். இப்போது எஃகில் வருகிறது. முன்பு நாணல், மூங்கில் சிம்புகளை வரிசையாக வைத்து நூலால் கட்டுவார்கள். பல் ஒன்று கோணினால் துணி முழுவதும் கோடு விழும் என்பதால் நல்ல அச்சுக் கட்டுகிறவருக்கு ஊர் ஊராக அழைப்பு வரும். கொள்ளுத்தாத்தா அந்த வேலைக்காரர். மணிவிழா மலருக்குத் திருத்தச் சீட்டு அடிப்பதாகக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். எந்த அச்சகத்தில் என்று நான் கேட்கவில்லை.

அதே பாட்டியம்மாள்தான் ‘பிணைக்கிறவர்’ என்ற பெயரையும் விளக்கினார். ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவை முதலிலிருந்து அச்சில் கோத்துக்கொண்டிருக்க முடியாது. பழைய பாவின் முனைகளை விட்டுவைத்து, புது இழையை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு சேலைப் பாவுக்கே ஆயிரக்கணக்கான இழைகள். பிணைப்பதற்கென்றே கூலிக்குப் போனவர்கள் உண்டு. எழுத்தர் இதை ‘பிணை’ என்று சுருக்கி எழுத, பேரன் தன் தாத்தா கோர்ட்டில் ஜாமீன் நிற்பவர் என்று நம்பியிருந்தார்.

இன்னொரு பத்திரத்தின் எல்லை விவரத்தில் ‘வடக்கே பாவாடை’ என்று தட்டச்சுப் படி சொன்னது. மூலத்தைப் பார்த்தால் ‘பாவடி’. தெருவோடு நீளமாகப் பாவை விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்தும் பொது இடம் அது. பாவடிப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் இந்தப் பிழை நடந்தது என்பதுதான் வருத்தம்.

மில் தொழிலாளர் அட்டைகள் வேறு ரகம். கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1888இல் நூற்பாலை தொடங்கினார். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் அந்தப் பக்கம் மில்கள் பெருகின. இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து இயந்திரங்களோடு வேலைப் பெயர்களும் கப்பலேறி வந்தன. ‘டாபர்’ என்றால் நூல் நிறைந்த பாபின்களை (நூல் சுற்றும் குழல்களை) கழற்றிக் காலிப் பாபின் மாட்டுகிறவர். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றுவதற்குச் சொல்லும் சொல்லே இதற்கும் வேர். ‘சைடர்’ என்பவர் நூற்பு இயந்திரத்தின் பக்கங்களைக் கவனித்து அறுந்த இழையை ஒட்டுகிறவர். ‘பதிலி’ வேலையின் பெயரே அல்ல: காலையில் மில் வாசலில் நின்று, அன்று வராதவரின் இடத்துக்காகக் காத்திருப்பவர். ஓர் அட்டையில் ஆறு ஆண்டுகள் ‘பதிலி’ என்றே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் சிறிது நேரம் பேசவில்லை.

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த குடும்பத்தின் ஆங்கிலக் குறிப்பில் ‘பெயிண்டர்’ என்றிருந்தது. சுவருக்கு வண்ணம் அடித்தவர் என்று கொண்டால் தவறு. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பேட்டையை நெசவாளர், நூற்பவர், சாயக்காரர், வெளுப்பவர் ஆகியோருக்காக அமைத்தபோது, சீட்டித் துணியில் கையால் சித்திரம் எழுதியவர்களையும் குடியேற்றியது. சின்னத் தறிப் பேட்டை என்று மக்கள் சொல்வதும் அதனால்தான்.

ஜாதிப் பெயரைத் தொழிலாகப் படிக்கும் வழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது. நெசவாளர் ஜாதிப் பெயரான ‘கைக்கோளர்’ என்று கண்டவுடன் தறியைத் தேடுகிறோம். இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கைக்கோளர் பெயரில் படைப்பிரிவுகளே வருகின்றன.

ஒரு குறை. ஓர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திக் கேட்ட நகல், நமக்கு வேண்டிய பக்கம் மட்டும் இல்லாமல் வந்தது. மறுபடி மனுச் செய்திருக்கிறோம்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது பெண்களைப் பற்றி. நாங்கள் பார்த்த தாள்களில் பெரும்பாலும் பெண்ணுக்கு ‘வீட்டு வேலை’ அல்லது வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு உரியவர்தான் விடியும் முன் ராட்டை சுற்றித் தார் (ஊடை நூல் சுற்றி நாடாவில் வைக்கும் குழல்) நிரப்பினார், கஞ்சி காய்ச்சினார், பாவு பிணைத்தார். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும் என்பது ஜீவனம் எழுதிய எழுத்தருக்குத் தெரியாதிருக்க முடியாது, அவரும் சேலத்துக்காரர்தானே. எனவே நம் சங்கத்தின் குடும்பப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘கையால் செய்த வேலை’ என்று இன்னொரு கட்டம் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டியம்மாள் அச்சோடு வர இசைந்திருக்கிறார். மாடிப்படி ஏற மாட்டார். ஆகவே கூட்டம் கீழே, நூலகத் திண்ணையில்.

இப்படிக்கு,
செயலாளர்