தாத்தாவின் ராலே மறுபடியும் ஓடுகிறது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கும், ஈப்போவிலும் கோலகங்சாரிலும் இருந்து உதவியவர்களுக்கும் என் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் தாத்தாவின் ராலே சைக்கிளை வீட்டு வாசலிலிருந்து பழைய தோட்டத்துச் சாலை முனைவரை மிதித்துப் போய்த் திரும்பி வந்தேன். 1998-இல் தாத்தா தவறிய நாளிலிருந்து ஓடாமல் நின்ற சைக்கிள். பாட்டி இருந்தவரை அதைச் சமையற்கட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்கடியில், பழைய கைலி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். யாரையும் தொட விட்டதில்லை. பழைய இரும்புக்காரர் வந்து கேட்டால் "அது ஆள் இருக்கிற சைக்கிள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பாட்டியும் போன பிறகு மாமா அதை லாரியில் ஏற்றி வந்து என் வீட்டில் இறக்கினார். "உனக்குத்தான்மா. அவர் அப்பவே சொல்லிட்டாரு" என்றார்.

அதன்பின் எட்டு மாத வேலை. அதில் என் கை செய்தது கால்பங்குகூட இருக்காது. மீதியைச் செய்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெரும்பாலோர் "என் பேரைப் போடாதே" என்று சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. ஊர்க்காரர்களுக்கு யார் யாரென்று தெரியும்.

முதல் நன்றி பசார் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அங்கிளுக்கு. அவர் அப்பா காலத்துக் கடை. சுற்றுவட்டாரத் தோட்டத்து ஜனங்களுக்குச் சைக்கிள் விற்றும் பஞ்சர் ஒட்டியும் பிழைத்த சீனக் குடும்பம் என்பதால், அங்கிள் பேசுவது அசல் தோட்டத்துத் தமிழ். நான் அவரிடம் போகும்போதே இடது கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கோட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்து, அதன் மரைமுனையைக் காளான் மாதிரி நசுக்கி வைத்திருந்தேன். பார்த்ததும், "தங்கச்சி, சுத்தி வேணாம். இது அடிச்சா வராது, அமுக்கினாதான் வரும்" என்றார். மூன்று நாள் எண்ணெயில் ஊற விட்டார். பிறகு நசுங்கின முனையை அரத்தால் தேய்த்தார். பின்னின் தலைப்பக்கம் ஒரு துண்டுக் குழாயை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து வைஸில் பிடித்து, கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். கிராங்க்குக்குக் கொஞ்சம் சூடு காட்டினார். மறுபடி திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். எத்தனையோ வருஷமாக அசையாத பின் நழுவிக் குழாய்க்குள் போனது. வலது பக்கத்தை என்னையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். புது கோட்டர் பின் இரண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

ஆனால் அங்கிளிடம் நான் பட்ட பெரிய கடன் வேறு. சைக்கிளைக் கொண்டுபோன அன்று என் எண்ணமெல்லாம் அதை முழுக்கச் சுரண்டி, புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, பெட்டியிலிருந்து இறக்கின மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். அவர் பதில் சொல்லவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கேரியருக்கு அடியில், சீட் குழாயும் பின்பக்கக் குழாய்களும் சேருகிற இடுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். கிரீஸும் செம்மண்ணும் போனதும் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. துரு என்று நினைத்தேன். நகத்தால் அழுத்தச் சொன்னார். ஓரமெல்லாம் கறுத்துப் பொருபொருத்திருந்தது, நடுவில் மட்டும் இன்னும் அமுங்கியது. ரப்பர். கேரியரில் கட்டின பால் வாளி தளும்பித் தளும்பி, சொட்டுச் சொட்டாக இறங்கி, அந்த இடுக்கிலேயே உறைந்துபோன பால். என் தாத்தா இருட்டில் எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றி விளக்கோடு வெட்டின மரத்துப் பால்.

"இதை எடுத்துட்டா அப்புறம் எங்க வாங்குவ?" என்று கேட்டார் அங்கிள்.

அன்றோடு பெயிண்ட் பேச்சை விட்டுவிட்டேன். அந்தப் பட்டை இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அங்கிள், நீங்கள் தடுக்காமல் இருந்திருந்தால் அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருப்பேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து, கோயிலுக்குப் பின் தெருவில் இருக்கும் பாட்டிக்கு. தாத்தாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டினவர். வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைப் பார்த்ததும் கிட்டப் போய், வலது பக்கப் பின்குழாயில் இருக்கும் ஒட்டைத் தடவினார். பித்தளை வைத்து மேடாக ஒட்டின இடம் அது. ஒரு மழை நாளில், மரப்பாலத்தில், இரண்டு வாளிப் பாலோடு தாத்தா சறுக்கி விழுந்தாராம். பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. குழாய் விட்டுப்போன சைக்கிளைத் தோளில் போட்டு நடந்து வந்தவரைப் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆலையில் இருந்த ஃபிட்டர் வேலை முடிந்தபின் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தாராம். "காசு வாங்கலே. உங்க தாத்தா பேப்பர் படிச்சுச் சொல்லுவாருல்ல, அதுக்கு" என்றார் பாட்டி.

பேப்பர் என்றால் தமிழ் நேசன். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன பத்திரிகை. பால் ஸ்டோரில் எடை போட்டு முடிந்ததும் தாத்தா பட்டணத்துக்கு மிதித்துப் போய் அதை வாங்கி வருவார். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) முனையில் மணிச் சத்தம் கேட்டால் குழாயடியில் ஜனம் கூடிவிடும், எழுத்துத் தெரியாதவர்களுக்கு வரி விடாமல் வாசிப்பார். இதை அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு ஈடாக ஒருவர் சைக்கிளை ஒட்டிக் கொடுத்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

பாட்டி இன்னொன்றும் சொன்னார். 1948 ஜூன் 16-ஆம் தேதி நம்மூர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பின்வந்த வருஷங்களில், முள்கம்பி வாசலில் பால் வாளியைத் திறந்து பார்ப்பது போதாமல் சைக்கிள் பம்பையும் கழற்றிப் பார்ப்பார்களாம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று. தாத்தாவின் சைக்கிளில் பம்ப் மாட்டும் கொக்கி இரண்டும் இருக்கின்றன, பம்ப் இல்லை. தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். தினமும் கழற்றிக் காட்டுவது மானக்கேடாக இருந்ததால் அவரே வீட்டில் வைத்துவிட்டாராம். நான் பழைய பம்ப் ஒன்றுக்கு விலை பேசி வைத்திருந்தேன். அன்று இரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொக்கி காலியாகவே இருக்கட்டும்.

பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என் நன்றி. மூன்று கியர் உள்ள ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப் அது. சைக்கிள் எந்த வருஷத்தது என்று எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. மாமா மெர்டேக்கா வருஷம், சுதந்திரம் வந்த 1957 என்பார். அம்மா இல்லை, அதற்கும் முன்னே என்பார். என் பாட்டி மட்டும் "கொரியாச் சண்டையில ரப்பர் விலை ஏறினப்போ" என்று ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா ஹப்பின் உடம்பைத் துடைக்கத் துடைக்க, எழுத்துகளுக்குப் பக்கத்தில் 51 என்ற எண் எழுந்து வந்தது. அந்தக் கம்பெனி ஹப் செய்த வருஷத்தை அப்படிப் பொறிப்பது வழக்கம் என்று ஐயா விளக்கினார். கொரியப் போர் தொடங்கியது 1950-இல். பாட்டி சொன்னதுதான் சரி. அதை அவர் இருக்கும்போதே சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் குறை.

உள்ளே எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி ஆகியிருந்தது. கியரைப் பிடித்துத் தள்ளும் நான்கு சிறு நகங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐயா பேப்பரை விரித்து, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றையும் அடுக்கி, மண்ணெண்ணெயில் கழுவினார். தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனி 2000-இல் நாட்டிங்ஹாமை விட்டுத் தைவானியரிடம் போய்விட்டது. தைவானில் இப்போது செய்கிற ஸ்பிரிங், 1951-இல் இங்கிலாந்தில் செய்த ஹப்பில் பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டாவது கியர் நேராக ஓடும். மூன்றாவது சக்கரத்தை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். முதலாவது கால்பங்கு குறைக்கும், மேட்டுக்கு. தாத்தா மேட்டிலும் இறங்காமல் மிதிப்பார் என்று அம்மா சொல்வதன் காரணம் இப்போது என் காலுக்கே தெரிகிறது.

கோலகங்சாரில் பழைய சைக்கிள் சேர்க்கும் மலாய்ப் பெரியவரை, நான் பாக்சிக் (மாமா) என்று கூப்பிடுபவரை, மறக்க முடியாது. கிராங்க் அச்சைத் தாங்க, சட்டத்தில் திருகி ஏற்றும் கிண்ணத்தை நான் இணையத்தில் ஒரு கடையில் வாங்கி ஏமாந்திருந்தேன். மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 மரை, ராலே தனக்கென்று வைத்துக்கொண்டது 26. இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும், பலவந்தம் பண்ணினால் சட்டமே வீணாகிவிடும். திருப்பி எடுக்க மாட்டோம் என்று அந்தக் கடை சொல்லிவிட்டது. பாக்சிக் விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், பிஸ்கட் டின்னிலிருந்து அசல் ராலே கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். பணம் கொடுக்கப் போனேன். "ஓடும்போது காட்டு அடிக் (தங்கச்சி), அது போதும்" என்றார். ஓடுகிறது பாக்சிக். இந்த மாதக் கடைசியில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் செருப்புத் தைக்கும் அண்ணன், காய்ந்து வெடித்த ப்ரூக்ஸ் தோல் சீட்டுக்கு உள்பக்கமாக ஒரு தோல் ஒட்டி, செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். தாத்தா உட்கார்ந்து பள்ளமான இடம் அப்படியே இருக்கிறது. போர்டு எழுதும் பெரியவர், பின் மட்கார்டின் வாலில் மங்கிப்போன வெள்ளைப் பட்டையையும் அதற்கு மேல் அறுந்து போயிருந்த தங்கக் கோட்டையும் ஒரே மூச்சில் இழுத்தார். பழைய கோடு எங்கே முடிந்து புதுக்கோடு எங்கே தொடங்குகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா மகன் பள்ளி விடுமுறை முழுக்க, ஆக்ஸாலிக் அமிலம் கரைத்த தண்ணீரும் பல்துலக்கும் பிரஷுமாக ரிம் இரண்டையும் தேய்த்தான். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. ஒவ்வொன்றையும் எண்ணித் துடைத்தவன் அவன்.

கடைசியாக அம்மாவுக்கு. மேல் குழாயில், சீட்டுக்கு ஒரு சாண் முன்னால், பெயிண்ட் போய் இரண்டு வளையத் தடம் இருக்கிறது. அதையும் மூடிவிடலாமா என்று போர்டு பெரியவர் கேட்டபோது அம்மா அவசரமாகக் கை நீட்டித் தடுத்துவிட்டார். தாத்தா அங்கே ஒரு பலகையை இறுக்கிக் கட்டி, அதில் அம்மாவை உட்கார வைத்து, 1954-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலைக்குக் கூட்டிப்போவாராம். கால் சக்கரத்தில் மாட்டாமல் இருக்க அவர் முழங்கையாலேயே அணைத்துக்கொள்வாராம். இவ்வளவும் அன்றைக்குத்தான் சொன்னார். அடுத்த தெரு ஆசாரி அதே அளவில் ஒரு பலகை செய்து தருகிறேன் என்றிருக்கிறார். என் மகளுக்கு வயது ஐந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை சைக்கிள் எங்கள் வாசலில்தான் நிற்கும். உதவினவர்கள், தாத்தாவைத் தெரிந்தவர்கள், யார் வேண்டுமானாலும் வாருங்கள். தேத்தண்ணியும் வடையும் இருக்கும். மிதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டாவது கியரில் தொடங்குங்கள், மூன்றுக்கு மாற்றும்போது ஒரு நொடி மிதிப்பதை நிறுத்துங்கள். மழை தூறினால் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள். அந்தக் காலத்துக் கம்பிப் பிரேக், நனைந்த ரிம்மில் மெதுவாகத்தான் பிடிக்கும்.