கயலுக்கு எந்த குரூப்னு கேட்டியே

அடியே தேவி,

எப்புடி இருக்க? இங்கிட்டு எல்லாரும் சொகம், அம்மாவுக்குத்தான் மூட்டு வலி விட்டபாடில்ல, இருந்தாலும் அழகர் எதிர்சேவை பாத்தே தீருவேன்னு அடம் புடிச்சு போயிட்டு வந்துட்டாங்க. வெயிலு வாட்டி எடுக்குது.

பத்தாவது முடிச்ச நம்ம கயலு நியூரோசயின்ஸ் படிக்கணும்னு சொல்லுது, பதினொன்னாவதுல எந்த குரூப்புல சேக்குறதுன்னு நீ எழுதுனத பாத்து எனக்கு அம்புட்டு சந்தோஷம்டி. அண்ணே நியூரோன்னதும் டாக்டருன்னு நெனச்சு கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்புல போட்டு நீட் கோச்சிங் சேத்துரலாம்ங்கிறாராமே, ரெண்டும் வேற வேற. நரம்பு டாக்டர்னா எம்பிபிஎஸ், எம்டி, அதுக்கப்புறம் டிஎம்னு போகணும். கயல் கேக்குறது வைத்தியம் இல்ல, மூளை எப்புடி வேல செய்யுதுங்கிற ஆராய்ச்சி. ஒன்னே ஒன்னுதான் கெஞ்சிக் கேக்குறேன், கணக்க மட்டும் விட வச்சுராதீங்க. பயாலஜியும் கணக்கும் சேந்த பயோ மேத்ஸ் எடுக்கட்டும், அதுலயும் நீட் எழுதலாம்.

ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா, நரம்பு செல்லு சும்மா இருக்கும்போது அதோட உள்பக்கம் வெளிய விட ஒரு 70 மில்லிவோல்ட் கம்மியா இருக்கும், சோடியம் அயனி சட்டுன்னு உள்ள பாஞ்சதும் அது தலகீழா மாறும், அந்த மாத்தம்தான் சிக்னலா ஓடுது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு பேரு கடல்ல இருக்குற கணவாய் மீனோட பெரிய நரம்புல இத அளந்து 1952ல சமன்பாடாவே எழுதிட்டாங்க, 1963ல நோபலும் வாங்குனாங்க. ஃபிசிக்ஸும் கணக்கும் இல்லாம அத எப்புடிடி படிக்கிறது? என்கிட்ட ஜுவாலஜிக்கு வர்றதுல நெறைய பேரு கணக்குக்குப் பயந்து வந்த பிள்ளைக, நல்ல புத்திசாலிப் பிள்ளைக, நரம்பு மண்டலம் பாடத்துல கிராஃப பாத்ததும் மெரண்டு போயிரும், எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும்.

கயல்கிட்ட இத கட்டாயம் சொல்லு. நம்ம மதுரை காமராஜர் யூனிவர்சிட்டில எம்.கே. சந்திரசேகரன் சாரும் அவரோட ஆளுகளும் வௌவால வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. கும்மிருட்டுக் குகைக்குள்ள ஒரு வௌவால கூண்டுல தனியா வச்சா, வெளிச்சமே தெரியாட்டியும், அந்தக் குகையில இருக்குற மத்த வௌவாலுக அந்தி நேரத்துல கெளம்புறப்ப இதுவும் முழிச்சுக்கிட்டு பறக்க ஆரம்பிக்குது. மத்த வௌவாலே இல்லாத எடத்துல வச்சா அதோட நேரம் தெனமும் கொஞ்சங்கொஞ்சமா நகந்துக்கிட்டே போகுது, ஏன்னா உள்ள ஓடுற கடிகாரம் சரியா 24 மணி நேரம் கெடையாது. அப்ப கூட்டத்தோட சத்தமும் நடமாட்டமுமே அதுக்கு நேரத்த சரி பண்ணுதுன்னு 1981ல எழுதுனாங்க. தெனமும் எப்ப பறந்துச்சுன்னு குறிச்சு, கிராஃப் போட்டு, அது எவ்ளோ சாயுதுன்னு பாத்துத்தான் இத்தனையும் தெரிஞ்சது. வெயிலும் தெரியாம வாட்சும் இல்லாம மனுசங்களே தங்கிப் பாக்குற தனி அறையும் அந்த கேம்பஸ்லயே கட்டி வச்சிருந்தாங்க. நமக்கு அந்தக் கடிகாரம் மூளைக்குள்ள, கண்ணு நரம்பு ரெண்டும் குறுக்க வெட்டுற எடத்துக்கு மேல, சுமாரா 20,000 செல்லு இருக்குற ஒரு துளி எடம். நாகமலைப் பக்கம் பஸ்ஸுல போறப்பல்லாம் எனக்கு இதான் ஞாபகம் வரும், உலகமே படிக்கிற வேலைய நம்மூர்ல பண்ணிருக்காங்கடி.

டிகிரிக்கு என்ன செய்றதுன்னு கேட்ட. வெளிநாட்டுல இத மேஜராவே நாலு வருஷம் படிக்கலாம், இங்க அந்தப் பேருல பிஎஸ்சி அரிதுதான், அதுக்காக மலைக்க வேணாம். ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் கல்லூரிகள்ல அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ் இருக்கு, அதோட நுழைவுத் தேர்வுல பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸோட கணக்கும் கேப்பாங்க. இல்லாட்டி ஜுவாலஜியோ ஃபிசிக்ஸோ சைக்காலஜியோ நல்லா படிச்சுட்டு மேல போகலாம், பெங்களூருல நிம்ஹான்ஸ், ஐஐஎஸ்சி, அங்கிட்டு டெல்லிப் பக்கம் மானேசர்ல என்பிஆர்சிங்கிற மூளை ஆராய்ச்சி மையம் இருக்கு. ஆனா வெறும் டிகிரியோட இந்தத் துறையில பெருசா வேல கெடைக்காது, பிஎச்டி வரைக்கும் போகணும், வருஷம் ஆகும், இத அண்ணேகிட்ட இப்பவே மறைக்காம சொல்லிரு. அவருக்கும் பிள்ள மேல அக்கறைதான.

லீவு முடியிறதுக்குள்ள கயல கூட்டிட்டு வா, எங்க லேப்ல நியூரான் ஸ்லைடு எடுத்து மைக்ராஸ்கோப்புல காட்டுறேன். ஸ்கூல்ல ஃபார்ம் குடுக்குறதுக்கு முன்னாடி மறக்காம ஒரு போன் போடு, அண்ணேகிட்ட நானே பேசுறேன்.

உன்
கலா