நேரம் மட்டுமா பிரச்சினை?

ஆசிரியருக்கு,

தேவாலயப் பிரசங்கங்களின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மறையுரை, அதாவது பூசையில் பாதிரியார் செய்யும் பிரசங்கம், 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கேட்பவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று 2024 ஜூனில் போப் பிரான்சிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. இது புதிய சிக்கலும் இல்லை. அப்போஸ்தலன் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிக் கீழே விழுந்த கதை பைபிளில் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறதே! ஆனால் நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மொழிதான் தடை. இயேசு விதைக்கிறவனையும் காணாமற்போன ஆட்டையும் புளித்த மாவையும் வைத்துப் பேசினார். நம் போதகர்களோ 'கிருபாதாரபலி' (பாவத்துக்குப் பரிகாரமான பலி), 'நீதிமானாக்கப்படுதல்' (கடவுள் ஒருவரை நீதிமானாக ஏற்பது) என்று சொல்லிவிட்டு, விளக்காமலே அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சபைக்குள்ளேயே வளர்ந்த பலருக்கும் அவை காதுக்குப் பழகிய ஒலிகள், அவ்வளவுதான்.

சென்ற மாதம் வேறு மதத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரை ஆராதனைக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்ததும் என்ன புரிந்தது என்று கேட்டேன். "பாட்டு நன்றாக இருந்தது, அப்புறம் அவர் ஏன் அவ்வளவு சத்தம் போட்டார்?" என்றார். சிரித்துவிட்டேன், என்றாலும் அன்றைய பிரசங்கத்தின் கருத்தை ஒரே வரியில் அவருக்குச் சொல்ல எனக்கும் வரவில்லை. ஒன்று செய்யலாம். வேதாகமக் கல்லூரிகளில் மாணவர்களின் பிரசங்கத்தை ஆசிரியர்கள் மட்டும் மதிப்பிடாமல், சபைக்குப் புதியவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, கேட்டதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். அவர்கள் தடுமாறும் இடங்களை மாற்றி எழுதிக்கொண்டு மாணவர் மறுபடி பேசட்டும்.

— ஒரு வாசகர்