போனதைச் சொன்னாய், போகாதது எது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நரம்பியல் வார்டுக்குள் கால் வைத்ததுமே மருத்துவ மாணவப் பிள்ளைகள் "எம்ஆர்ஐ எடுத்தாச்சா சார்?" என்றுதான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே பாட்டுதான். ஆனால் ஸ்கேன் எழுத வேண்டுமென்றாலும் எந்த இடத்துக்கு எழுதுவது என்று தெரிய வேண்டுமே! கால் தொங்குகிறவருக்கு முதுகை எடுப்பதா, முழங்காலை எடுப்பதா, மூளையை எடுப்பதா?

இப்போதெல்லாம் நான் படுக்கை ஓரத்தில் ஒரே கேள்வியைத்தான் விடாமல் கேட்கிறேன். "எது போயிருக்கிறது என்று சொல்லிவிட்டாய். எது போகவில்லை?" பழுதான இடத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது பழுதாகாத தசைதான்.

ரிஸ்ட் டிராப்பையே எடுத்துக்கொள். மணிக்கட்டு தொங்குகிறது என்றதும் "ரேடியல் நரம்பு", அதாவது கையை நீட்டும் தசைகளுக்கான நரம்பு, என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எந்த உயரத்தில் அடி? முழங்கையை நீட்டச் சொல். முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசை நன்றாக இருந்தால் அடி அக்குளில் இல்லை. மேற்கை எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றி நரம்பு இறங்கும் பள்ளத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அடுத்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி எதிர்த்துப் பிடி. முன்கையின் பிராக்கியோரேடியாலிஸ் தசை கயிறு மாதிரி எழும்பினால் அடி இன்னும் கீழே. விரல்கள் மட்டும் நீளவில்லை, மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது, உணர்ச்சிக் குறைவே இல்லை என்றால், அடிபட்டது ரேடியல் நரம்பிலிருந்து முன்கையில் பிரியும் பின் கிளைதான். டிரைசெப்ஸும் அதன் ரிஃப்ளெக்ஸும் (சுத்தியலால் தட்டினால் வரும் துள்ளல்) போய், பிராக்கியோரேடியாலிஸ் மட்டும் தப்பியிருந்தால் கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 7-ஆம் நரம்பு வேரைப் பார்.

இங்கே பிள்ளைகள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தொங்கும் கையை அந்தரத்தில் வைத்தபடியே விரல்களை விரிக்கச் சொல்கிறார்கள். மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது யாருக்குமே விரல் சரியாக விரியாது. உடனே "அல்னார் நரம்பும் (விரல்களை விரிக்கும் நரம்பு) போயிருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்துவிட்டு விரிக்கச் சொன்னால் விரல்கள் அழகாக விரியும். பிடியும் அப்படித்தான், மணிக்கட்டை நீ தூக்கிப் பிடித்துக்கொண்டால் இறுக்கம் திரும்பிவிடும். இன்னொன்று, முஷ்டி மடக்கச் சொல். ரேடியல் பழுதில் மணிக்கட்டு இன்னும் கீழே மடங்கும். மூளையில் கைக்கான பகுதியில் சிறிய பக்கவாதம் என்றால், தானாகத் தூக்க முடியாத அதே மணிக்கட்டு முஷ்டியோடு சேர்ந்து மேலே எழும்பும்.

கால் தொங்குவதிலும் வழி இதேதான். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்புத் தலையில் பாதத்தைத் தூக்கும் பெரோனியல் நரம்பு நசுங்கினால் பாதத்தை உள்பக்கம் திருப்பும் வலு இருக்கும். இடுப்பில் 5-ஆம் வேர் நசுங்கினால் அதுவும் குறையும். இடுப்பிலிருந்து காலைப் பக்கவாட்டில் விரிப்பதும் குறையும். திருப்பிப் பார்க்கும்போது பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு பார்க்கச் சொல். மேலே தூக்கிய நிலையில், பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையும் உள்ளே இழுக்கும், கணக்குக் குழம்பிவிடும். குதிகால் ரிஃப்ளெக்ஸ் இந்த இரண்டிலுமே பெரும்பாலும் தப்பும். அது துள்ளலாக இருந்து, உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் பாபின்ஸ்கி சோதனையில் பெருவிரலும் மேலே போனால்? முதுகை விட்டுவிட்டு உச்சந்தலைக்குப் போ. மூளையின் நடுப்பிளவை ஒட்டி வளரும் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி ஒரு காலை மட்டும் இப்படித் தொங்கவிடும். இடுப்பு எம்ஆர்ஐயில் வயசுக்குத் தக்க ஒரு முதுகெலும்பு டிஸ்க் பிதுக்கம் கிடைத்துவிட்டால் தேடல் அதோடு நின்றுபோகும். அங்கேதான் ஆபத்து.

முகவாதத்தில் நெற்றி சுருங்கினால் பழுது மேலே மூளையில், சுருங்காவிட்டால் முக நரம்பில். இது அவர்களுக்கே தெரியும். காரணம் தெரியாமல் திடீரென வரும் பெல் முகவாதம் 72 மணி நேரத்துக்குள் முற்றிவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினாலோ, 4 மாதமாகியும் அசைவே திரும்பாவிட்டாலோ கட்டியைத் தேட வேண்டும். காதுக்கு முன்னால் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியைத் தடவிப் பார்க்காமல் முகவாதப் பரிசோதனை முடியாது.

கண்ணை அசைத்து இமையைத் தூக்கும் மூன்றாம் மூளை நரம்பில் மட்டும் எச்சரிக்கையாக இரு. பியூப்பிலை (கண்மணியை)ச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேல்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து அனியூரிசம் (ரத்தக்குழாய்ப் புடைப்பு) அழுத்தினால் முதலில் அடிபடுவது அவைதான். சர்க்கரை நோயில் உள்பகுதிக்கு ரத்தம் குறையும்போது அவை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் இமையும் கண்ணசைவும் அரைகுறையாகத்தான் பாதித்திருக்கின்றன என்றால், பியூப்பில் நன்றாக இருப்பதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நாளைக்கே அது விரியலாம். ரத்தக்குழாய் ஸ்கேன் அன்றே வேண்டும்.

மூளைக்கட்டி என்று வந்தால் என் கேள்வி பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் ஆறாம் மூளை நரம்பு இழுபட்டுக் கண் வெளிப்பக்கம் போகாது. கட்டியோ வேறெங்கோ இருக்கும். முன்மூளைக் கட்டியில் கை, கால், ரிஃப்ளெக்ஸ் எல்லாமே ஒழுங்காக இருக்கலாம். அப்போது கேட்க வேண்டியது காலத்தை. பக்கவாதம் நிமிடத்தில் வரும். கட்டி வாரங்களாக, மாதங்களாக ஏறும். ஏறுமுகமாகவே போகும் எதையும் சந்தேகப்படு. "ஆள் முன்னே மாதிரி இல்லை, எதிலும் ஒட்டமாட்டேன் என்கிறார்" என்று வீட்டார் சொல்வது சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைவிடப் பெறுமதியானது. வளர்ந்தவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தால் மூளைப் படம் கட்டாயம். காலையில் தலைவலி, வாந்தி என்ற பாடத்தைக் கொஞ்சம் தளர்த்திச் சொல். கட்டி உள்ள பலருக்கு வெறும் சாதாரணத் தலைவலிதான். கண்ணின் அடித்தட்டைப் பார்க்காமல் விடாதே. மண்டை அழுத்தத்தால் அங்கே பார்வை நரம்பின் முகப்பு வட்டம் வீங்கினால் தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். பார்வை நரம்பு அழற்சியில் முதலில் போவதே பார்வைதான். வீக்கம் தெரிந்தால் ஸ்கேனுக்கு முன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க விடாதே.

குழந்தைகளிடம் நடக்கும் தவறு ஒன்று. சிறுமூளையின் நடுப்பகுதியில் கட்டி இருந்தால், படுத்தபடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் சரியாகத் தொடும், குதிகாலை முழங்காலில் வைத்து இழுக்கும். "சிறுமூளை நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். கட்டில் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல், உடம்பு ஆடும்.

நரம்பு வெட்டுக்காயம் பற்றிக் கேட்டிருந்தாய். நரம்புக் காயங்களை ஆராய்ந்த மருத்துவர் செடன் 1943-இல் வகுத்த மூன்று படிகள் போதும்: கடத்தல் மட்டும் நின்றது, உள்ளிழை அறுந்தது, நரம்பே அறுந்தது. இதில் அவசரம்தான் கெடுக்கும். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி முதல் சில நாட்கள் மின்தூண்டலுக்கு நன்றாகவே பதில் சொல்லும். இரண்டாம் நாளே கடத்தல் சோதனை செய்துவிட்டு "லேசான அடி" என்று எழுதுவது இதனால்தான். தசையில் ஊசி வைத்து மின்னோட்டம் பார்க்கும் ஈஎம்ஜிக்கு 3 வாரம் பொறு. கண்ணாடியோ கத்தியோ கிழித்த காயத்துக்கு இந்தப் பொறுமை ஆகாது. சில நாட்களுக்குள் திறந்து பார்த்துத் தைக்க வேண்டும். மூடிய காயம் என்றால், நரம்பு நாளுக்கு 1 மி.மீ. வளரும் என்று கணக்குப் போட்டு, டினெல் தட்டலில் (நரம்பின் மேல் விரலால் தட்டும்போது) சுரீர் என்னும் புள்ளியை மாதாமாதம் அளந்து எழுதச் சொல். தசை 90 மி.மீ. தள்ளி இருந்தால் 3 மாதம், தொடக்கத் தாமதத்துக்கு இன்னும் சுமார் ஒரு மாதம். புள்ளி நகரவே இல்லையென்றால் அறுவை மருத்துவரைக் கூப்பிடு. ஒன்றரை வருடம் கழித்து நரம்பு போய்ச் சேர்ந்தால் தசை அதை ஏற்கும் நிலையில் இருக்காது.

அடுத்த மாதத் தேர்வுக்கு நீ தயாரிக்கும் கேள்விகளை அனுப்பு. கால் தொங்கும் கேஸ் ஒன்றை உள்ளே வை. உச்சந்தலைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்