ஜெபல் ஜைஸ் ஏறியது நான் மட்டும் இல்லை

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்து மக்களுக்கும் இங்கே அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் என்னோடு ரூமில் இருக்கும் சகோதரர்களுக்கும் இந்த மடல்.

போன வெள்ளிக்கிழமை ஜெபல் ஜைஸ் மலைச் சாலையைச் சைக்கிளில் ஏறி முடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். ஃபோட்டோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் உன் உழைப்பு, உன் உழைப்பு என்கிறீர்கள். உழைத்தேன்தான். ஆனால் என்னை ஏற்றிவிட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அதில் சிலருக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்பதே தெரியாது.

ஜெபல் ஜைஸ் ஹஜர் மலைத்தொடரில் இருக்கிறது. அமீரகத்தில் இதைவிட உயரமான மலை இல்லை. தார்ச்சாலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் வரை போகிறது, ஏற்றம் மட்டும் சுமார் 20 கிலோமீட்டர். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்போம், அதுவும் விடாமல். மரம் கிடையாது, நிழல் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டைப் பாறை. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையாம் அது, அதைக் கேட்டதும் எனக்கு அந்த மலை மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

நம் பக்கத்தில் ஏற்றம் என்றால் பாம்பன் ரோட்டுப் பாலம்தான். அப்படியிருக்க எங்கே போய்ப் பழகுவது என்று, லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பி.டி. எடுத்த சாரிடம் கேட்டேன். "மலை இல்லைன்னா என்னப்பா, ஆடிக்காத்து இருக்குல்ல? சாயல்குடியைப் பார்த்து மிதி" என்றார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் கரையில் வெறும் பேச்சு இல்லை. பழைய பாம்பன் ரயில் பாலம் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அந்தக் காற்றுக்கு எதிரே லீவு முழுக்க மிதித்தேன். எதிர்காற்றில் மிதிப்பதை விட்டால் சைக்கிள் அங்கேயே நின்றுவிடும், மலையிலும் அதேதான், கால் ஓயவே முடியாது. சார், பின்னால் பைக்கில் வந்து "தோளை இறக்கு, மூச்சை இழுத்து விடு" என்று கத்திக்கொண்டே இருந்தீர்களே, பதினைந்தாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் அக்காமாருக்கு. வெயிலில் நான் நின்றபோதெல்லாம் குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்துக் கொடுத்தீர்கள், ஒரு நாள் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுத்து "வேர்த்தா உப்புதான் தம்பி போகும், வெறும் தண்ணியா குடிக்காத" என்றீர்கள். மலையில் மெதுவாக ஏறும்போது முகத்தில் காற்றே படாது, ஜனவரியிலும் உடம்பு கொதித்துவிடுகிறது. பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கலந்துதான் கொண்டுபோனேன், காலில் கடைசி வரை பிடிப்பு வரவில்லை.

கீழக்கரை சைக்கிள் கடைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் 28 பல்லாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு மதுரையிலிருந்து 34 பல் வரவழைத்து மாட்டினார், செயினுக்குக் கண்ணி கூட்டினார், பிரேக் கட்டை நான்கையும் புதிதாகப் போட்டார். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டும்போது, சீட் கம்பியில் எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று மகளின் நகப்பூச்சை வாங்கி வந்து சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கூலியாக ஒரு பைசா வாங்கவில்லை. காக்கா, கடைசி ஐந்து கிலோமீட்டர் ஏறியபோது அந்த 34 பல்தான் என்னை இறங்கித் தள்ளவிடாமல் காப்பாற்றியது. இறங்கும்போது பிரேக் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

அன்றைக்கு விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கடற்கரையிலிருந்து கிளம்பினேன், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி மேலே போய்ச் சேரும்போது பிற்பகல் தொழுகையான அஸர் நேரம். இந்த நேரம் முழுக்க பெரியபட்டினத்து நண்பன் தன் காரில் முன்னால் போய்க் காத்திருந்து, நான் வந்ததும் பாட்டிலை மாற்றிக் கொடுத்து, மறுபடி முன்னால் போனான். நைட் டியூட்டி முடித்துவிட்டு ஒரு கண் தூங்காமல் வந்தவன் அவன். கீழே இருப்பதைவிட மேலே பத்து டிகிரியாவது குறைவு, வேர்த்த சட்டையோடு நான் நடுங்கியபோது தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டான். டேய், உனக்கு நான் பட்ட கடன் பெரிது.

உம்மா, நீங்கள் கொடுத்துவிட்ட தொதல் இனிப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி பட்டர் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடையில் விற்கும் எனர்ஜி பாரை என்னால் மெல்லக்கூட முடியவில்லை. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் வாயில் கரைந்ததும் கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்துவிடும். நான் வெளியே இருந்த அந்த நாள் முழுக்க நீங்கள் ஓதிக்கொண்டே இருந்ததாக லாத்தா (அக்கா) சொன்னாள்.

ஒரு வளைவில் தண்ணீர் லாரியை நிறுத்தி ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்த பெஷாவர் பாய்க்கும் நன்றி. அவருக்கு இது போய்ச் சேராது, தமிழ் தெரியாதவர், பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்காக துஆ செய்யுங்கள்.

அடுத்த லீவுக்கு சைக்கிளை ஊருக்கே கொண்டுவந்து விட்டுவிடப் போகிறேன். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் யாருக்குக் கொடுக்கலாம் என்று சார்தான் பார்த்து வைக்க வேண்டும். உயரத்துக்குத் தகுந்த மாதிரி புதுக் கோடு போட்டுக் கொடுப்பது காக்காவின் பொறுப்பு.